மேலறை நடுக்கம்: ஓர் இதயநோய் பெயர்பெற்ற வரலாறு

தோற்றுவாய்

ஒரு நோய் மக்களிடையே நெடுங்காலமாக இருந்து வருதல் வேறு. அஃது இன்ன நோயென அறியப்பெறுதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம் சில நோய்களுக்குச் சில ஆண்டுகளாகவும், சில நோய்களுக்குச் சில நூற்றாண்டுகளாகவும் இருத்தலை மருத்துவ வரலாறு காட்டுகின்றது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகத் துடித்தலை விடுத்து ஓயாது நடுங்கிக்கொண்டிருக்கும் நோய் இவற்றுள் பின்னைய வகையைச் சார்ந்தது. மருத்துவர் இதனை ஏட்ரியல் பிப்ரிலேசன் என்பர். மேலறை நடுக்கம் என இக்கட்டுரையில் வழங்குவாம்.

நீடித்து நிற்கும் துடிப்புக் கோளாறுகளுள் உலகில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. எனினும் இதற்குரிய பெயர் 1909ஆம் ஆண்டிலேதான் உறுதியாயிற்று. அதற்கு முன்னர் இதன் ஒவ்வோர் அறிகுறியும் தனித்தனி நோய்போல, தனித்தனிப் பெயருடன் நூல்களில் நின்றது. விரல் அறிந்தது ஒன்று. செவி அறிந்தது ஒன்று. கழுத்துச் சிரையிற் கண் கண்டது மற்றொன்று. அவை யாவும் ஒன்றன் கூறுகளே எனத் தெளிந்த வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது. வேறொரு புதுமையும் இவ்வரலாற்றில் உண்டு. இந்நோய்க்குப் பயன்படும் மருந்துகளுட் சில, நோய் அறியப்படுவதற்கு முன்னரே மருத்துவர் கையில் இருந்தன. ஆயின் இந்நோயால் விளையும் பெருங்கேடு எவ்வளவினது என்பதோ, நோய் பெயர்பெற்று ஏறத்தாழ எழுபது ஆண்டு கழிந்த பின்னரே அளந்தறியப்பட்டது.

வரலாற்றுட் புகுமுன் நோயின் இயல்பைச் சுருங்கக் காண்போம். இதயத்தின் நான்கு அறைகளுள் மேலறை இரண்டும் குருதியை ஏற்றுக் கீழறைகளுக்கு விடுவன. கீழறை இரண்டும் அதனை நுரையீரலுக்கும் உடம்பிற்கும் செலுத்துவன. வல மேலறையின் ஒரு பக்கத்தே அமைந்த சிறு கணு ஒன்றினின்று மின்தூண்டல் எழுகின்றது. ஓய்ந்திருக்கும் மனிதனிடம் அது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை எழும். எழுந்த தூண்டல் மேலறைகளிற் பரவி அவற்றைச் சுருங்கச் செய்து, நடுவே உள்ள மற்றொரு கணுவின் வழியாகக் கீழறைகளுக்கு இறங்கும். மேலறை நடுக்கத்தில் இவ்வொழுங்கு முற்றும் குலைகின்றது. நிமிடத்திற்கு 350 முதல் 600 வரையான தூண்டல்கள் மேலறைச் சுவர்களில் தாறுமாறாக அலைதலின், சுவர் ஒருசேரச் சுருங்க மாட்டாது நடுங்கியே நிற்கும். நடுக்கணு வாயில்காப்போன் போல அவற்றுட் சிலவற்றையே கீழே விடும். விடுவதிலும் ஒரு முறை இன்மையால் கீழறைகளும் முறையின்றித் துடிக்கும். அத்துடிப்புக்களுட் சில வலுவற்றவை; அவை மணிக்கட்டை எட்டா. மார்பின்மேற் செவிவைத்துக் கேட்டார்க்கு 140 துடிப்புக் கேட்க, அதே நிமிடத்திற் கைந்நாடி பார்த்தார்க்கு 100 மட்டும் தட்டுப்படுதல் உண்டு. நாடி ஒன்றனையே சான்றாகக் கொண்ட காலத்தில் இந்நோய் பிடிபடாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

மேலறைக்கு ஐரோப்பியர் இட்ட பெயரும் கருதத்தக்கது. இலத்தீனில் 'சிறு செவி' எனப் பொருள்படும் ஆரிக்கிள் என்னும் சொல்லால், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை மேலறை முழுவதையும் குறித்தனர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைச் 'சோணையறை' என்று வழங்குகின்றன. காதின் சோணையை உட்கொண்டு அமைந்த இவ்வாக்கம் மூலச்சொல்லின் கருத்தை நன்கு காக்கின்றது. உண்மையிற் செவிபோன்றது மேலறையன்று; அதன் ஓரத்தில் மடிந்து கிடக்கும் ஒரு சிறு பையே ஆகும். அப்பையைப் பற்றிப் பின்னர்க் கூறுவாம்.

பழங்குறிப்புக்கள்

குருதிச் சுற்றோட்டத்தை நிறுவிய வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில், இறக்கும் விலங்கின் கீழறைகள் ஓய்ந்த பின்னும் வல மேலறையில் ஒருவகை அலைவு எஞ்சி நிற்றலைக் குறித்துள்ளார். மேலறை நடுக்கத்தை ஒருவர் கண்ணாற் கண்டெழுதிய தொன்மையான குறிப்புக்களுள் இஃது ஒன்று. ஆயின் அவர் கண்டது சாகின்ற இதயத்தின் கடைசி அசைவு. பின்வந்த ஆய்வாளரும் அவ்வாறே கருதினர். 1874இல் பிரெஞ்சு அறிஞர் வுல்பியான் நாயின் இதயத்தில் மின்னோட்டத்தாற் செயற்கையாக இந்நடுக்கத்தை எழுப்பி, அதற்கு 'நார்நடுக்கம்' எனப் பொருள்படும் பெயரும் தந்தார். சாவின் விளிம்பிலோ ஆய்வுக்கூடத்து மேசையிலோ அன்றி வேறெங்கும் இது நிகழாது என்னும் எண்ணமே ஓங்கியிருந்தது. நடமாடி, உழைத்து, உண்டு உறங்கும் ஒருவரின் இதயத்தில் ஆண்டுக்கணக்கில் இந்நடுக்கம் இருக்கக்கூடும் என எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நூற்றாண்டுகள் கழிந்தமைக்கு இவ்வெண்ணமே தலையாய தடை என்பது எம் கருத்து.

ஒருபுறம் இவ்வாறிருக்க, நோயாளியின் படுக்கையருகே மருத்துவர்கள் இந்நோயையே வேறு வடிவிற் கண்டுகொண்டிருந்தனர். பதினைந்தாம் லூயி மன்னனின் மருத்துவரான செனாக், 1749இல் இதயத்தைப் பற்றி எழுதிய பெருநூலில், அடங்காத படபடப்பிற்குச் சின்கோனாப் பட்டை பயன்படுதலைக் குறித்தார். கொயினாவை அப்பட்டையினின்று தனியே பிரித்தெடுத்தது 1820இல். எனவே செனாக் வழங்கியது பட்டையின் தூளேயாம். அவர் கூற்று ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இங்கிலாந்தில் வில்லியம் வித்தரிங் என்னும் மருத்துவரிடம் 1775இல் ஒரு குடும்ப மருந்துமுறை பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டது. உடம்பு நீர்கொண்டு வீங்கும் சோபை நோய்க்கு, ஷிராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் மறைவாக வைத்து வழங்கிவந்த மருந்து அது. இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் அதில் இருந்தன. செடிநூற் பயிற்சி மிக்க வித்தரிங், அவற்றுட் செயல்புரிவது பாக்ஸ்குளோவ் என்னும் டிஜிட்டாலிஸ் செடியே எனக் கண்டு, பத்து ஆண்டுகள் தம் நோயாளிகளிடம் அதன் இலையின் அளவை மாற்றி மாற்றி ஆய்ந்து, 1785இல் நூலாக்கினார். 163 நோயாளிகளின் வரலாறு அந்நூலிற் காணப்படுகின்றது. மருந்து பயன்பட்டவர்களை மட்டுமன்றிப் பயன்படாதவர்களையும் அவர் மறையாது குறித்தமை போற்றத்தக்கது. சிறுநீரைப் பெருக்கி வீக்கத்தை வடிப்பதே அவ்விலையின் முதன்மைப் பணி என அவர் கருதினார். ஆயினும் நலிந்து ஒழுங்கற்றிருந்த நாடி, மருந்துண்டபின் நிறைவும் ஒழுங்கும் பெற்றதை ஒரு நோயாளியிடம் கண்டு எழுதியுள்ளார். அது யாது காரணத்தான் என்பதற்கு விடை நூற்றிருபது ஆண்டுகள் கழித்தே கிடைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கருவிகள் பெருகின, பெயர்களும் பெருகின. 1816இல் லேனெக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டார். 1827இல் டப்ளின் நகரத்து ராபர்ட் ஆடம்ஸ், ஒழுங்கற்ற நாடிக்கும் மைட்ரல் வால்வுச் சுருக்கத்திற்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டினார். 1860இல் மாரே என்பார் நாடியின் எழுச்சியைத் தாளில் வரையும் கருவியை அமைத்தார். இவ்வொழுங்கின்மையை 'இதயத்தின் பிதற்றல்' எனப் பொருள்பட இலத்தீனில் வழங்கும் மரபு தோன்ற, 1876இல் நோத்நாகல் அப்பெயரிலேயே இதனை விரித்தெழுதினார். 1903இல் ஹெரிங் என்பார் 'என்றும் ஒழுங்கிலா நாடி' எனப் பொருள்படும் பெயரை இட்டார். இப்பெயர்கள் யாவும் விரலுக்குத் தட்டுப்பட்டதையே பாடுகின்றன. இதயத்தினுள் நிகழ்வது யாது என்பதை அவற்றுள் ஒன்றேனும் சுட்டவில்லை.

பர்ன்லி நகரத்து மருத்துவர்

இந்நிலையை மாற்றியவர் ஜேம்ஸ் மெக்கன்சி. 1853இல் ஸ்காட்லாந்தில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்த இவர், 1879 முதல் இங்கிலாந்தின் பர்ன்லி என்னும் பருத்தியாலை நகரத்திற் பொதுமருத்துவம் பார்த்து வந்தார். அவர் நோயாளிகள் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் ஆவர். தம் பொறுப்பிலிருந்த சூலுற்ற பெண்ணொருத்தி, மகப்பேற்றின்போது இதயம் நலிந்து இறந்துபட, எந்த இதயக்குறி அஞ்சத்தக்கது, எது அஞ்சத்தகாதது என்பது தமக்குத் தெரியாமையை உணர்ந்து அவர் இவ்வாராய்ச்சியில் இறங்கினார் என்பர். நூல்கள் விடை தரவில்லை. எனவே நோயாளிகளையே பல்லாண்டு தொடர்ந்து பார்த்து விடை காண முற்பட்டார்.

அவர் கையாண்ட வழி எளிது. நாடியை மட்டும் வரையாது, கழுத்துச் சிரையின் அசைவையும் உடன் வரைந்தார். கடிகாரத் தொழிலாளர் ஒருவரின் துணையால், இரண்டனையும் ஒரே தாளில் மையால் வரையும் கருவியையும் பின்னர் அமைத்துக்கொண்டார். கைந்நாடி கீழறையின் செயலைக் காட்டும். கழுத்துச் சிரையோ வல மேலறையோடு நேரே தொடர்புடையதாகலின் மேலறையின் செயலையும் காட்டும். ஒவ்வொரு துடிப்பிலும் சிரையில் எழும் அலைகளுள் முதலாவது மேலறைச் சுருக்கத்தால் எழுவது. மேலறையின் நிலையை உடம்பின் புறத்தேயிருந்து அறிய அக்காலத்தில் இருந்த வழி இவ்வலையே.

1880 முதல் அவர் பார்வையிலிருந்த பெண்ணொருவர் மைட்ரல் வால்வுச் சுருக்கமுடையவர். கீல்வாதக் காய்ச்சலின் விளைவாக வருவது அந்நோய். அவ்வம்மையாரின் கழுத்தில் மேலறை அலை தெளிவாக இருந்தது. கீழறை சுருங்குவதற்குச் சற்றுமுன் எழும் முரல்வும் மார்பிற் கேட்டது. 1898இல் அவருக்கு மூச்சு முட்டி, உடல் நலிந்து, நாடி முற்றும் ஒழுங்கிழந்தது. மெக்கன்சி வரைந்து பார்த்தபோது கழுத்தின் மேலறை அலையைக் காணவில்லை. செவிவைத்துக் கேட்டபோது அம்முரல்வும் இல்லை. நாடியின் ஒழுங்கு, சிரையின் அலை, மார்பின் முரல்வு என்னும் மூன்றும் ஒரே காலத்தில் மறைந்தன. மூன்றும் மேலறைச் சுருக்கத்தைச் சார்ந்தனவாதலின், மேலறை செயலிழந்ததே காரணம் என அவர் துணிந்தார்.

இத்துணிபின் சிறப்பை உணர்தல் வேண்டும். நோயாளியை ஒருமுறை மட்டும் பார்க்கும் பெருமருத்துவமனை வல்லுநர்க்கு, அலை இல்லாமை தெரியுமேயன்றி, அது முன்பு இருந்து பின்பு மறைந்தது என்பது தெரியாது. பதினெட்டு ஆண்டுகள் ஒரே ஊரில், ஒரே நோயாளியைப் பார்த்தவர்க்கே அது தெரியவரும். அக்காலத்து இலண்டன் வல்லுநர் பலரினும் பர்ன்லி மருத்துவர் ஆழமாகக் கண்டமைக்கு இதுவே காரணம் எனலாம்.

எனினும் காரணத்திற்கு அவர் இட்ட பெயர் நிலைக்கவில்லை. 1902இல் நாடி பற்றித் தாம் வெளியிட்ட நூலில் இதனை 'மேலறையின் வாதம்' என்றார். மேலறை அசைவற்றுக் கிடப்பதாகக் கருதினார். பின்னர், இத்தகைய நாடியுடன் வாழ்ந்து இறந்தோர் சிலரின் மேலறைச் சுவர் தடித்திருத்தலைப் பிணவாய்வில் கண்டார். வேலை செய்யாத தசை தடிக்காது. ஆகவே மேலறையும் கீழறையும் ஒருசேரச் சுருங்குகின்றன போலும் எனக் கருத்தை மாற்றி, நடுக்கணுவினின்று துடிப்பு எழுவதாக 1908இல் எழுதினார். அதுவும் பொருந்தவில்லை. தாம் சேர்த்த சான்றுகளைவிடத் தம் விளக்கத்தைப் பெரிதாக அவர் மதியாமையே அவரை இவ்வாறு மாறச் செய்தது. அவர் வரைந்து சேர்த்த தாள்களோ, விளக்கம் மாறியபோதும் பயன் குன்றாதிருந்தன.

இழையும் குதிரையும்

விடையின் பகுதிகள் அப்போது வெவ்வேறு நாடுகளிற் கிடந்தன. 1906இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆய்ந்த ஜப்பானியர் சுனாவோ தவாரா, மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட கணுவை விளக்கினார். 1907இல் கீத், பிளாக் இருவரும் துடிப்புத் தொடங்கும் கணுவைக் கண்டனர். அதே ஆண்டில் குஷ்னி என்னும் மருந்தியலறிஞர் எட்மண்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து, அறுவைக்குப் பின் நாடி ஒழுங்கிழந்த ஒரு பெண்ணின் வரைவையும், ஆய்வுக்கூடத்தில் மேலறை நடுக்கம் எழுப்பப்பட்ட நாயின் வரைவையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒத்திருத்தலைச் சுட்டினார். மனிதரிடம் இது நிகழலாகும் என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது. ஆயினும் ஒத்திருத்தல் வேறு, ஒன்றாதல் வேறன்றோ.

அவ்விடைவெளியை நிரப்பியது மின்வரைவு. சாவகத்தின் செமராங் நகரிற் பிறந்தவரும் ஹாலந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியருமான வில்லெம் ஐன்தோவன், வெள்ளி பூசிய நுண்ணிய படிகக்கல் இழையொன்றைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, இதயத்தின் மின்னோட்டத்தால் அவ்விழை அசைவதைப் படமாகப் பதிவித்தார். அக்கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் எடையுடையது. இயக்க ஐவர் வேண்டும். நோயாளியை அதனிடம் கொணர்தல் அரிதாகலின், மருத்துவமனையினின்று ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆய்வுக்கூடத்திற்குத் தொலைபேசிக் கம்பி வழியாக இதயத்தின் மின்னோட்டத்தைக் கொண்டுவந்தார். 1906இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் மேலறை நடுக்கத்தின் மின்வரைவு அச்சாகியுள்ளது. அதன் கீழே அவர் எழுதியதோ, 'சமனும் ஒழுங்கும் அற்ற நாடி' என்பதே. நோயின் முகம் படத்திற் பதிந்துவிட்டது. பழைய பெயர் மட்டும் அதனை விட்டகலவில்லை.

1909இல் வியன்னாவில் ரோத்பெர்கர், விண்டர்பெர்க் இருவரும், இலண்டனில் தாமஸ் லூயிஸும் தனித்தனியே உண்மையை நாட்டினர். லூயிஸ் அப்போது முப்பது வயதைக் கடவாத இளைஞர். இலண்டனுக்குக் குடிபெயர்ந்திருந்த மெக்கன்சியின் தூண்டுதலால் இத்துறைக்கு வந்தவர். ஒழுங்கிலா நாடியுடையாரின் மின்வரைவில், மேலறைச் சுருக்கத்தைக் காட்டும் முதல் அலை இல்லை. அதற்கு மாறாக இடைவிடாத சிற்றலைகள் காணப்பட்டன. நாயின் மேலறையில் நடுக்கம் எழுப்பியபோதும் அவ்வாறே காணப்பட்டன. மெக்கன்சி கழுத்தில் அலையைக் காணாமையும், ஐன்தோவன் படத்தில் அலையைக் காணாமையும் ஒன்றே என்பது இப்போது விளங்கிற்று. பின்னர் லூயிஸ், இயல்பாகவே ஒழுங்கிலா நாடியுடைய குதிரையை மயக்கி, மார்பைத் திறந்து, மேலறை நடுங்குவதைக் கண்ணாரக் கண்டார். ஹார்வி சாகும் விலங்கிற் கண்டதை இவர் வாழும் விலங்கிற் கண்டார். அவ்வாண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த அவர் கட்டுரையின் தலைப்பே, மேலறை நடுக்கம் மருத்துவர் பலகாலும் காணும் நோய் எனப் பறைசாற்றியது. சாவின் அசைவு எனக் கருதப்பட்டது, நாள்தோறும் மருத்துவர் வாயிலில் வந்து நிற்கும் நோயாயிற்று.

இலையும் பட்டையும் மின்னும்

நோய் விளங்கவே வித்தரிங்கின் இலையும் விளங்கிற்று. டிஜிட்டாலிஸ் மேலறையின் நடுக்கத்தை நிறுத்துவதன்று. நடுக்கணுவின் வழியே தூண்டல் இறங்குவதைக் குறைப்பது. அதனாற் கீழறை மெல்லத் துடித்து, நிறையும் நேரம் பெற்று, குருதியை நன்கு செலுத்தும். உடம்பின் வீக்கமும் வடியும். அவ்விலை ஒருவர்க்கு அமுதாகவும் மற்றொருவர்க்குப் பயனற்றதாகவும் இருந்தமைக்கு விடை இதுவே: விரைந்த மேலறை நடுக்கமுடையார்க்கே அது பெரும்பயன் தந்தது. 1930இல் கம்பளி டிஜிட்டாலிஸ் இலையினின்று டிகாக்சின் பிரிக்கப்பட்டது. அது இன்றும் வழக்கில் உள்ளது.

நடுக்கத்தையே நிறுத்தும் மருந்து வந்த வழி சுவையுடையது. டச்சுக்காரரான வெங்கெபாக் இதயத்துடிப்புக் கோளாறுகளில் வல்லவர். 1912இல் அவரிடம் டச்சுக் கிழக்கிந்தியாவில் வாணிகம் செய்த ஒருவர் வந்து, தம் ஒழுங்கிலா நாடியைக் காட்டினார். இதற்கு மருந்தில்லை என மருத்துவர் கூற, இதய வல்லுநராயிருந்தும் இதனை நிறுத்தத் தெரியவில்லையா எனும் கருத்துப்பட அவ்வணிகர் வினவி, மறுநாட் காலை ஒழுங்கான நாடியுடன் வருவதாகச் சொல்லிச் சென்றார், சொன்னவாறே வந்தார். குளிர்காய்ச்சலுக்காக வழக்கமாக உண்ட கொயினாவை, ஒரு கிராம் அளவில் உண்டால் துடிப்பும் சீராகும் என்பதை அவர் தாமே கண்டிருந்தார். வெங்கெபாக் இதனை 1914இல் தம் நூலில் எழுதினார். 1918இல் பிரை என்பார், சின்கோனாப் பட்டையின் உப்புக்களை ஒப்பிட்டுக் குவினிடின் என்பதே இதற்கு மிக ஏற்றது என நிறுவினார்.

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தின் நாற்கூறுகளை எண்ணுமிடத்து நோயுற்றவனை முதற்கண் வைத்தலைத் தமிழ் பயில்வார் அறிவர். இந்நோயின் வரலாற்றில் அவ்வரிசை வெறும் முறைவைப்பாக இல்லை. மூதாட்டியும் வணிகரும் கொணர்ந்தவற்றையே மருத்துவர் ஆய்ந்து தெளிந்தனர். கொயினா நம் நாட்டார்க்கும் புதிதன்று. 1860களில் நீலகிரியில் சின்கோனாத் தோட்டங்கள் தோன்றியதும், குளிர்காய்ச்சலுக்கு அது வீடுதோறும் வழங்கியதும் யாவரும் அறிந்தவை.

குவினிடின் தீதற்றதன்று. சிலரிடம் அது கீழறையிலேயே கொடிய கோளாற்றை எழுப்பி உயிர்குடித்தது. 1962இல் பாஸ்டன் நகரத்து பெர்னார்டு லவுன், மார்பின் வழியே நேர்மின்னோட்ட அதிர்ச்சி தந்து மேலறையைச் சீராக்கும் முறையை வெளியிட்டார். அதன் நுட்பம் அதிர்ச்சியின் வன்மையில் இல்லை. அது பாயும் கணத்தைத் தேர்வதில் உள்ளது. ஒவ்வொரு துடிப்பின் பின்னும் கீழறை எளிதிற் குலையக்கூடிய ஒரு குறுங்கணம் உண்டு. மின்வரைவோடு கருவியை இணைத்து, அக்கணத்தில் அதிர்ச்சி பாயாதவாறு செய்தார். நோயாளி சிறிது நேரம் மயக்கத்திலிருக்க, நொடியில் துடிப்பு ஒழுங்குறுதல் மருத்துவமனைகளில் அன்றாடக் காட்சியாயிற்று.

உறைகட்டி

ஆயின் துடிப்புச் சீரானவருட் சிலர், சின்னாளிற் கைகால் வீழ்ந்து பேச்சிழந்தனர். குவினிடின் காலத்திலேயே இது கண்டு மருத்துவர் அஞ்சினர். முன்னர்க் குறித்த செவிபோன்ற பைக்கு இப்போது வருவோம். மேலறை சுருங்காது நடுங்குங்கால் குருதி அங்குத் தேங்கும். தேங்கிய குருதி உறையும். வால்வு நோயில்லாதவரிடம் இவ்வாறு தோன்றும் உறைகட்டிகளிற் பத்தில் ஒன்பது, இட மேலறையின் அச்சிறு பையிலேயே உண்டாவதாகக் கண்டுள்ளனர். மேலறை மீண்டும் சுருங்கத் தொடங்கினால் கட்டி பெயர்ந்து கீழறைக்குச் சென்று, அங்கிருந்து மூளைத் தமனியை அடைத்துப் பக்கவாதத்தை விளைக்கும். சுருங்காதிருக்கும்போதும் இஃது எந்நாளிலும் நிகழலாம்.

மைட்ரல் வால்வுச் சுருக்கமுடையார்க்கு இவ்விடர் உண்டென்பது பழைய செய்தி. வால்வு நோயில்லாத முதியோரின் நடுக்கமோ தீதற்றதென நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவின் பிராமிங்காம் என்னும் ஊரில் 1948 முதல் 5,209 ஆண்பெண்களைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வு இக்கருத்தைத் தகர்த்தது. 1978இல் வெளிவந்த முடிவின்படி, கீல்வாத வால்வு நோயுடன் நடுக்கமும் உடையார்க்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 17 மடங்கு; வால்வு நோயின்றி நடுக்கம் மட்டும் உடையார்க்கும் ஐந்து மடங்கிற்கு மேல். 1991இல் அவ்வாய்வினர், 80 முதல் 89 வயது வரையானவர்க்கு வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு மேலறை நடுக்கமே காரணம் என மதிப்பிட்டனர். மருத்துவர் துடிப்பின் ஒழுங்கையே நோக்கிக்கொண்டிருக்க, உயிரையும் உறுப்பையும் கொண்டது வேறொன்றாக இருந்தது.

அதனைத் தடுக்கும் மருந்தும் முன்னரே வந்திருந்தது. அதுவும் ஓர் உழவர் கொணர்ந்ததே. 1933ஆம் ஆண்டு பிப்ரவரியில், விஸ்கான்சின் மாநில உழவர் ஒருவர், இறந்த கிடாரியையும், உறையாத குருதி நிறைந்த பாற்குடத்தையும், பூஞ்சை பிடித்த தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் 190 மைல் கடந்து மாடிசன் நகரத்து வேதியியலறிஞர் கார்ல் பால் லிங்கின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார். கெட்டுப்போன இனிப்புக் குளோவர்த் தீவனத்தை உண்ட மாடுகள் குருதி கசிந்து இறந்துகொண்டிருந்தன. ஆறாண்டு உழைப்பின்பின், 1939இல், லிங்கின் குழுவினர் அதன் நஞ்சைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்பரின் 1948இல் எலிமருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதர்க்கு மருந்தாக ஏற்கப்பட்டது. மேலறை நடுக்கத்திற் பக்கவாதத்தை அது தடுக்குமா என்பதை முறையாக ஆய்ந்து, 1,007 நோயாளிகளைக் கொண்டு டென்மார்க்கினர் முடிவு வெளியிட்டது 1989இல். மருந்து கையில் இருந்தும் முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. அதனையும் பின்வந்த ஆய்வுகளையும் ஒருங்கு நோக்குங்கால், வார்பரின் பக்கவாதத்தை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கின்றது.

இம்மருந்தை உட்கொள்வார் அடிக்கடி குருதி உறையும் அளவைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். அளவு மிகின் மூளையிற் குருதி கசியும், குறையின் பயனில்லை. கீரையுணவிலுள்ள வைட்டமின் கே இதன் செயலைத் தடுப்பதாகலின், கீரையைத் திடீரென மிகுப்பதும் விடுப்பதும் தீங்கு. 2009இல் 18,113 நோயாளிகளிடம் நிகழ்ந்த ஆய்வால் டாபிகாட்ரான் என்னும் புதுமருந்து இடம்பெற்றது. அதன்பின் வந்த இவ்வகை மருந்துகள் அச்சோதனைத் தொல்லையை நீக்கின. ஆயின் நம் நாட்டிற்குச் சிறப்பாக உரிய ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கீல்வாத வால்வு நோயால் வரும் நடுக்கம் இந்தியாவில் இன்றும் மிகுதி. இந்தியா உட்பட 24 நாடுகளில், ஏறத்தாழ 4,500 கீல்வாத நோயாளிகளிடம் நிகழ்ந்து 2022இல் வெளியான ஆய்வில், புதுமருந்தான ரிவரோக்சபானை உண்டாரைவிட வார்பரின் வகையை உண்டாரே குறைவாக இறந்தனர். மேனாட்டு முதியோர்க்கு ஏற்றது இங்குள்ள இளைய வால்வு நோயாளிக்கும் ஏற்றதெனக் கொள்ளுதல் கூடாது என்பதற்கு இது தக்க சான்று.

அண்மைக் காலம்

பிற்காலச் செய்திகளைச் சுருங்கக் கூறி அமைவாம். 1987இல் ஜேம்ஸ் காக்ஸ் மேலறைச் சுவரை வரிவரியாக வெட்டித் தைத்து, அலையும் தூண்டல்களுக்குச் சுற்றுவழி இல்லாமற் செய்யும் அறுவையைத் தொடங்கினார். 1998இல் பிரான்சின் போர்டோ நகரத்து ஐசகேர் குழுவினர், 45 நோயாளிகளிடம் நடுக்கத்தைத் தொடங்கிவைக்கும் 69 இடங்களைக் கண்டனர். அவற்றுள் நூற்றுக்கு 94 நுரையீரற் சிரைகளினுள் இருந்தன. மேலறையின் நோய் மேலறைக்கு வெளியே தோன்றுவது எதிர்பாராத செய்தி. அச்சிரைகளின் வாயைச் சுட்டுத் தடுக்கும் முறை இதனின்று பிறந்து இன்று பரவியுள்ளது.

நடுக்கத்தை நிறுத்த முயல்வதா, நடுக்கம் இருக்க விட்டுக் கீழறையின் விரைவை மட்டும் அடக்குவதா என்பது நெடுவழக்கு. 4,060 நோயாளிகளிடம் நிகழ்ந்து 2002இல் முடிவு வெளியான ஆய்வு, மருந்தால் நிறுத்த முயல்வது வாழ்நாளை நீட்டவில்லை என்றது. நோய் தொடங்கிய ஓராண்டிற்குள் முயன்றால் நன்மை உண்டென 2020இல் வந்த ஆய்வு கண்டது. இரண்டும் முரணல்ல, காலம் தாழ்ந்த மேலறை மீள்வது கடினம் என்பதே இவற்றிடை ஒத்துப்போகும் பொருள் எனத் தோன்றுகின்றது.

மணிக்கட்டில் அணியும் கடிகாரமும், உடம்பிற் பொருத்திய இதயக் கருவியும் நோயாளி உணராத சில நிமிட நடுக்கத்தையும் இன்று பதிவு செய்கின்றன. மெக்கன்சி பதினெட்டு ஆண்டு காத்திருந்து கண்டதை இவை உறங்கும்போதே கண்டுவிடுகின்றன. அதனாற் பெயர்ச் சிக்கல் மீண்டும் எழுந்துள்ளது: எத்துணை நேரம் நடுங்கினால் அதனை நோய் எனல் வேண்டும்? இத்தகைய குறுநடுக்கம் உடையார்க்கு உறைதடுப்பு மருந்து தரலாமா என ஆய்ந்த இரு பெரிய ஆய்வுகள் 2023இல் வெளிவந்தன. 2,536 பேரிடம் நிகழ்ந்த ஒன்று தெளிந்த பயனைக் காணாது, குருதிக்கசிவு கண்டு இடையில் நிறுத்தப்பட்டது. 4,012 பேரிடம் நிகழ்ந்த மற்றொன்று பக்கவாதம் குறைதலையும் குருதிக்கசிவு கூடுதலையும் ஒருங்கே கண்டது. நோயாளியின் வயது, அவர் முன்னர்ப் பக்கவாதமுற்றவரா என்பது, நடுக்கம் நீடித்த நேரம் ஆகியவற்றை எடையிட்டு ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே முடிவு செய்தலே இப்போதைய வழக்கமாக உள்ளது.